வாசலுக்கு வரும் பெட்டியும் வாடிப்போகும் கடைத்தெருவும்

 

மஹல்லாவுக்கு மஹல்லா இன்று ஒரே பேச்சு. "மாதச் சாமானை எல்லாம் ஆன்லைனில் வரவழைத்து விடுகிறார்கள், கடையில் ஈ ஓட்டிக் கொண்டிருக்கிறோம்" என்று வணிகர்கள் குமுறுகிறார்கள். "ஊர்க் கடையில் கேட்ட பொருள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கூடுதல், நாங்கள் ஏன் நட்டப்பட வேண்டும்?" என்று இளைஞர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். குமுறுபவரும் நம்மவர், கேட்பவரும் நம்மவர். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இரு தரப்பும் பேசாமல் விட்டுவிடும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தத் தலையங்கம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஆன்லைனில் மளிகை வாங்கக் கூடாது என்று ஜும்ஆ மேடையில் அறிவித்து விடுங்கள் என்று சில வணிகச் சகோதரர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய வேதனை புரிகிறது. ஆனால் இறைவன் அனுமதித்த ஒன்றை நம்முடைய வியாபார வருத்தத்திற்காகத் தடுக்கும் அதிகாரம் எந்த ஆலிமுக்கும் இல்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் பணத்தை முன்னதாகக் கொடுத்துவிட்டுக் கனிகளைப் பின்னர் பெற்றுக்கொள்ளும் வழக்கம் உடையவர்களாக இருந்தார்கள். நபியவர்கள் அதைத் தடை செய்யவில்லை. அளவு தெரிய வேண்டும், எடை தெரிய வேண்டும், தவணை தெரிய வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதைத்தான் 'ஸலம்' என்ற பெயரில் நம் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கிறோம். கண்ணால் பாராமல் வாங்கிய பொருளைப் பார்த்த பிறகு ஏற்கவோ திருப்பவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் இன்னும் கண்டிப்பு அதிகம். பொருளின் தன்மை ஐயமின்றி விவரிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒருவர் வீட்டிலிருந்தபடியே சீரகச் சம்பா அரிசியையும் சமையல் எண்ணெயையும் வரவழைத்தால் அவர் மீது குற்றம் இல்லை.

அதில் நன்மையும் உண்டு. இத்தாவில் இருக்கும் சகோதரி, படி இறங்க முடியாத முதியவர், வளைகுடாவிலிருந்து தாய்க்குச் சாமான் அனுப்பத் துடிக்கும் மகன் ஆகியோருக்கு இது பேருதவி. சிற்றூரில் இருப்பவருக்கு அஜ்வா பேரீச்சையோ, ஜைத்தூன் எண்ணெயோ, கடலோர ஊரை விட்டு வெளியூரில் குடியேறியவருக்கு மாசியோ கிடைக்க வேறு வழி என்ன இருக்கிறது? வீட்டில் மசாலா அரைத்து விற்கும் நம் பெண்களின் பொருளும் இதே வழியில்தான் வெளியூருக்குப் போகிறது. ஆகவே வாங்குகிறவனைப் பாவியாக்கும் பேச்சை முதலில் நிறுத்துவோம்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

ஆனால் மலிவு என்றவுடன் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பது அறிவுள்ளவனின் வேலை. மலிவில் ஒரு பகுதி நேர்மையானது. ஆலையிலிருந்து லாரி லாரியாக நேரடியாகக் கொள்முதல் செய்வதால், இடையில் உள்ள இரண்டு மூன்று கைகளின் இலாபம் மிச்சமாகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றொரு பகுதி, முதலீட்டாளர்களின் பணத்தைக் கொட்டி நட்டத்திற்கு விற்பதால் வருவது. உணவு டெலிவரியும் மளிகை டெலிவரியும் செய்யும் ஸ்விக்கி நிறுவனம் 2023-24 நிதியாண்டில் மட்டும் சுமார் 2,350 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. நம் ஊர்க் கடைக்காரர் ஒரு மாதம் நட்டப்பட்டால் மறுமாதம் கடையில் சரக்கு இருக்காது. ஆயிரக்கணக்கான கோடி நட்டத்தைத் தாங்கிக்கொண்டு ஒருவன் களத்தில் நிற்கிறான் என்றால், எதிரே இருப்பவன் களைத்து விழும் நாளை அவன் எண்ணிக் கொண்டிருக்கிறான் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இது திடீரென்று முளைத்ததல்ல. 2012 செப்டம்பரில் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது நாடெங்கும் வணிகர்கள் கொதித்தெழுந்தனர். தமிழகத்தில் அனுமதிக்க மாட்டோம் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். முன்வாசலைத் தடுத்துவிட்டோம் என்று நாம் நிம்மதி அடைந்தோம். 2016-இல் இந்தியாவில் விளைந்த, தயாரான உணவுப் பொருள்களை விற்பதற்கு, ஆன்லைன் உட்பட, 100 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு வழி திறக்கப்பட்டது. 2018-இல் அமெரிக்காவின் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காடு பங்குகளை வாங்கியது. 2021-இல் பிக்பாஸ்கெட்டின் பெரும்பான்மைப் பங்கு டாட்டாவிடம் போனது. 2022-இல் பிளிங்கிட்டை ஜொமாட்டோ வாங்கியது. எந்தக் கடையும் திறக்காமல், நம் சட்டைப்பையில் இருக்கும் போன் வழியாகவே அவர்கள் கடைத்தெருவுக்குள் வந்துவிட்டார்கள்.

அந்நிய முதலீடு பெற்ற ஆன்லைன் சந்தைகள் பொருளின் விலையில் தலையிடக் கூடாது என்ற விதி 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விதி ஏட்டில் இருக்கிறது. சில நிமிடங்களில் மளிகை தரும் நிறுவனங்கள் அடக்க விலைக்கும் கீழே விற்று எங்களை ஒழிக்கப் பார்க்கின்றன என்று 2024 அக்டோபரில் நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட வேண்டிய நிலைதான் இருந்தது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சந்தையில் உலர்ந்த திராட்சையை மிகக் குறைத்து விற்றுக் கொண்டிருந்த ஹாதிப் (ரலி) அவர்களிடம், விலையை ஏற்று அல்லது எங்கள் சந்தையை விட்டுப் போ என்னும் கருத்தில் கண்டித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகி இருக்கிறது. பின்னர் உமர் (ரலி) அவர்கள் அந்தக் கண்டிப்பைத் திரும்பப் பெற்றதாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அறிவிக்கும் செய்தியும் உண்டு. எனவே விலை குறைப்பதே குற்றம் என்று நாம் சட்டம் எடுக்கவில்லை. சந்தையில் பலமுள்ளவன் எளியவனை நசுக்குகிறானா என்று கண்காணிப்பது ஆட்சியாளரின் பொறுப்பு என்பதையே அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

ரொக்கம் அங்கே, கடன் இங்கே!

இப்போது இரு தரப்பும் பேசாத விஷயத்திற்கு வருவோம். சம்பளம் வந்த முதல் வாரத்தில் ரொக்கப் பணம் ஆன்லைனுக்குப் போய்விடுகிறது. இருபதாம் தேதிக்கு மேல் வீட்டில் பருப்பு தீர்ந்தவுடன், "பாய், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று பிள்ளையைத் தெருமுனைக் கடைக்கு அனுப்புகிறார்கள். முழு ரொக்கம் அங்கே, முழுக் கடன் இங்கே என்றால் எந்தக் கடை தாங்கும்? சரக்கு எடுக்கப் பணம் இல்லாததால் கடையில் பொருள் இல்லை. பொருள் இல்லாததால் நீங்கள் ஆன்லைனுக்குப் போகிறீர்கள். 'ஊர்க் கடையில் எதுவும் கிடைப்பதில்லை' என்ற உங்கள் குற்றச்சாட்டின் ஒரு பகுதி உங்கள் பெயர் எழுதியிருக்கும் அந்த நோட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த நோட்டின் அருமையை எண்ணிப் பாருங்கள்! அதில் வட்டி இல்லை. அபராதம் இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் கட்டளையிடுகிறது. திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்குமாறு அதற்குச் சற்று முன்னால் 280-வது வசனம் கூறுகிறது. பெரிய நிதி நிறுவனங்கள் எதுவும் செய்ய முன்வராததை, நம் தெருவில் நாற்பது பக்க நோட்டு ஒன்று ஆண்டாண்டு காலமாகச் செய்து கொண்டிருக்கிறது.

அந்தக் கடை மூடப்பட்ட பிறகு இருபதாம் தேதி என்ன செய்வீர்கள்? 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற பொத்தான் போனிலேயே இருக்கிறது. தவணை தவறினால் தாமதக் கட்டணம் என்றும், வட்டி என்றும் அது ஏறிக்கொண்டே போகும். கிரெடிட் கார்டும் அப்படித்தான். மூன்று கிலோ துவரம் பருப்புக்காக ஒரு முஃமின் வட்டியின் வாசலில் போய் நிற்பதா? அல்லாஹ்வுடனும் அவன் தூதருடனும் போர்ப் பிரகடனம் என்று எச்சரிக்கப்பட்ட பாவம் அல்லவா அது!

கடன் வாங்கிவிட்டுக் கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கடனுடன் இறந்தவரின் ஜனாஸாவுக்குத் தாமே தொழுவிக்க முன்வராமல், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பிறகே நபி (ஸல்) அவர்கள் தொழுவித்தார்கள். மளிகைக் கடன்தானே என்று எவரும் இலேசாக எண்ணிவிட வேண்டாம்.

'நம் கடை' என்றால் யார் கடை?

இங்கே ஒரு விஷயத்தில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். 'முஸ்லிம் கடையில் மட்டும் வாங்குங்கள்' என்ற முழக்கத்தை இந்த ஏடு எழுப்பவில்லை. 2022-இல் கர்நாடகத்தின் கடலோர மாவட்டங்களில், கோயில் திருவிழாக்களில் முஸ்லிம் வணிகர்கள் கடை போடக் கூடாது என்று பதாகை வைத்தார்கள். 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் கன்வர் யாத்திரை வழியில் உள்ள உணவுக் கடைகளில் உரிமையாளர் பெயரை எழுதித் தொங்கவிட உத்தரவிட்டார்கள். ஜூலை 22-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பெயரைப் பார்த்து வாங்காதே என்று சொல்வது அநீதி என்று நீதிமன்றப் படியேறி வாதிடுகிற நாம், பெயரைப் பார்த்து வாங்கு என்று சொல்லலாமா?

நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய கவசம் ஒரு யூதரிடம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. இறைத்தூதரின் வீட்டுக்கு வந்த தானியம் மாற்று மதத்தைச் சேர்ந்தவரிடம் கடனாக வாங்கியது! ஆகவே பாய் கடையாக இருந்தாலும் அண்ணாச்சி கடையாக இருந்தாலும், நோன்புக் கஞ்சிக்கு அரிசி தருபவரும், நம் வீட்டு மையித்துக்குக் கடையை மூடிவிட்டு வருபவரும், வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று பால் பாக்கெட் கொடுத்தவரும் நமக்கு அண்டை வீட்டார். அவர்கள் அனைவரின் கடையும் நம் கடைதான்.

வணிகப் பெருமக்களே!

சமுதாய உணர்வைச் சொல்லி வாடிக்கையாளரைப் பிடித்து வைக்க முடியாது. பிடித்து வைக்கவும் கூடாது. நீங்கள் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். நம் கடைகளில் பழைய சரக்கு அடியிலா மேலேயா? காலாவதித் தேதியை வாங்குபவர் பார்க்க முடிகிறதா? மின்னணுத் தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா? அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்கவே ஓர் அத்தியாயம் இறங்கியிருக்கிறது. ரமலான் பிறை தெரிந்தவுடன் பேரீச்சம்பழ விலையை ஏற்றும் வழக்கம் இருக்கும் வரை, ஆன்லைனைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது?

இரண்டாவது, 'இல்லை' என்று சொல்லி அனுப்புவதை விடுங்கள். வாடிக்கையாளர் கேட்டு உங்களிடம் இல்லாத பொருள்களை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரே பொருளை மாதத்தில் நான்கு பேர் கேட்டால் அதை வரவழைத்துக் கொடுங்கள். ஆன்லைன் நிறுவனங்கள் கணினி வைத்துச் செய்யும் வேலையை ஒரு பென்சில் செய்துவிடும்.

மூன்றாவது, தனித்தனியாகக் கொள்முதல் செய்து தனித்தனியாக அழிய வேண்டாம். ஒரு மஹல்லாவின் பத்துக் கடைகள் சேர்ந்து பருப்பையும் மிளகாயையும் விருதுநகர் மொத்தச் சந்தையில் ஒரே லாரியில் எடுத்தால், இடைக்கைகளின் இலாபம் உங்களுக்கும் மிச்சமாகும். முஷாரகா என்ற கூட்டு வணிக முறையை நம் இமாம்கள் விரிவாக எழுதி வைத்திருப்பது தேர்வில் மதிப்பெண் வாங்குவதற்கு மட்டும்தானா? சிறு கடைக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து இந்தக் கொள்முதலில் சேர்த்துவிட பைத்துல்மால் நிர்வாகிகள் முன்வர வேண்டும்.

நான்காவது, சட்டம் தரும் வசதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு முத்திரையிட்ட 25 கிலோ வரையிலான அரிசி, பருப்புக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் சரக்குக்கு அது கிடையாது. பையும் பாத்திரமும் கொண்டு வருபவருக்கு அந்த விலை வித்தியாசத்தைக் காட்டி விற்கலாமே! ஜி.எஸ்.டி. பதிவு வரம்புக்குக் கீழே உள்ள சிறு வியாபாரிகளும் தம் மாநிலத்திற்குள் ஆன்லைன் தளங்கள் மூலம் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் வழி திறந்திருக்கிறது. ஆன்லைன் என்பது அவர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்து அல்ல.

இளைஞர்களே!

மலிவு என்று முடிவு கட்டுமுன் கணக்குப் போடுங்கள். பொட்டலம் ஒரு கிலோவா, 900 கிராமா என்று பாருங்கள். டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிக் கிலோ விலையைக் கண்டுபிடித்து, பிறகு கடை விலையோடு ஒப்பிடுங்கள். இலவச டெலிவரிக்காகத் தேவையில்லாத இரண்டு பொருளைச் சேர்த்து வாங்குவது மிச்சமல்ல, வீண்விரயம். கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதும், கடைசி நேரத்தில் மறைமுகக் கட்டணம் சேர்ப்பதும் தவறு என்று 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு விதிகளையே வெளியிட வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கிடைப்பதற்கு அரிய பொருள் என்று வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அஜ்வா என்று எழுதிய பெட்டியில் இருப்பதெல்லாம் அஜ்வா ஆகிவிடாது. எந்த நாட்டுப் பொருள், விற்பவர் யார், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு இனிப்பாக இருந்தால் ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து சேரும்போது காலாவதிக்கு முன் 30 விழுக்காடு காலமோ, 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். பெட்டியைத் தூக்கி வரும் இளைஞன் மீது கோபத்தைக் காட்டாதீர்கள். அவனும் ஒரு கூலித் தொழிலாளி; பல ஊர்களில் அவன் நம் வீட்டுப் பிள்ளை.

போனைக் கையாளத் தெரிந்த நீங்களே உங்கள் மஹல்லாக் கடைகளுக்குக் கைகொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் பட்டியல் பெற்று, கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு சைக்கிளும் நான்கு இளைஞர்களும் போதும். கிளைக்கு ஒரு குழு அமைத்து, முதலில் முதியோர் இருக்கும் வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.

எந்தக் கடையிலும் கிடைக்காததை ஆன்லைனில் வாங்குங்கள், மறுக்கவில்லை. விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதையும் வாங்குங்கள். ஆனால் முதலில் நோட்டில் இருக்கும் பாக்கியைக் கட்டுங்கள். தெருக் கடையில் கிடைக்கும் அன்றாடச் சாமானுக்கு ரொக்கம் கொடுங்கள். அடுத்த வாரமே கடையில் சரக்கு நிறைவதைக் காண்பீர்கள்.

மக்காவில் சொத்தை விட்டுவிட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, தம் செல்வத்தில் பாதியைத் தருவதாக அன்சாரித் தோழர் ஸஅத் (ரலி) முன்வந்தார். பரக்கத்துக்கு துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டுச் சென்றார் அவர். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அந்த மளிகை வியாபாரத்திலிருந்துதான் பெரும் வள்ளலாக உயர்ந்தார். நாளை நம் ஊருக்குப் பிழைப்புத் தேடி வரும் ஓர் ஏழைச் சகோதரன் கடைத்தெரு எங்கே என்று கேட்டால், கை நீட்டிக் காட்ட நமக்கு ஒரு கடைத்தெரு இருக்க வேண்டும்.

நேர்மையான வணிகத்தையும், கடனை நிறைவேற்றும் உள்ளத்தையும், வட்டியின் நிழல் படாத வாழ்வையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.